மந்திரம் தெரிந்த கடைக்காரி கொலைகாரனை உடனே கண்டுபிடித்துவிட மாட்டாளா? பிறகு கதை எங்கே இருக்கிறது?

சின்ன ஊர், மூலிகைக் கடை நடத்தும் சூனியக்காரி, ஒரு கொலை. இந்த மாதிரி கோஸி மிஸ்டரி (ரத்தக்களரி இல்லாத, சின்ன ஊர்த் துப்பறியும் கதை) எழுத உட்காரும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். 1929-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில் இரண்டாவது, அமானுஷ்யத்துக்கு இடமில்லை என்பது. 1930-இல் பிரிட்டனில் தொடங்கிய துப்பறியும் கதை எழுத்தாளர் சங்கமான டிடெக்‌ஷன் கிளப் உறுப்பினர்களும் தெய்வ வாக்கு, மந்திர தந்திரம், தற்செயல் இவற்றை வைத்து முடிச்சை அவிழ்க்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். இன்று அந்த விதியை யாரும் கறாராகப் பார்ப்பதில்லை. ஆனால் அதன் காரணம் அப்படியே இருக்கிறது: வாசகர் கைக்கு வராத தகவலால் புதிர் அவிழ்ந்தால், அது ஏமாற்று.

ஆகவே மந்திரம் சந்தேகத்தைக் கிளப்பட்டும். விடை கடையிலிருந்து வர வேண்டும்.

முதலில் அவளுக்கு ஒரே ஒரு சக்தி கொடுங்கள். உதாரணமாக, ஒரு பொருளைத் தொட்டால் அதைக் கடைசியாகப் பிடித்தவரின் உணர்ச்சி தெரியும். உணர்ச்சி மட்டும்தான், காரணம் தெரியாது. கோப்பையில் பயம் இருக்கிறது என்றால், கொன்றவரின் பயமா, பிணத்தை முதலில் பார்த்தவரின் பயமா? ஒவ்வொரு தொடுதலும் இரண்டு விதமாகப் பொருள்படும்படி இருந்தால் மந்திரமே உங்களுக்குப் புதிர் போட்டுத் தரும். இரும்பு மந்திரத்தை முறிக்கும் என்ற ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கையை ஒரு தடையாக எடுத்துக்கொள்ளலாம். சக்தி, தடை இரண்டையும் பிணம் விழுவதற்கு முன்பே, ஏதாவது அற்ப விஷயத்தில் காட்டிவிட வேண்டும். இருபதாவது அத்தியாயத்தில் புதிதாக ஒரு மந்திரம் முளைத்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

கடையை அலங்காரமாக மட்டும் வைத்துவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. தொங்கும் மூலிகைக் கட்டு, மெழுகுவர்த்தி, பூனை, அதோடு சரி. உண்மையில் கடைக்காரிக்குத் தெரிவது போலீசுக்குத் தெரியாது: யார் எதை எவ்வளவு வாங்கினார்கள், யார் திடீரென்று வாங்குவதை நிறுத்தினார்கள், யாருக்குக் கடன் பாக்கி, எந்தச் சரக்கு கணக்குக்கும் கையிருப்புக்கும் ஒத்துப்போகவில்லை. தடயங்களை இங்கே விதையுங்கள்.

ஒரு மாதிரி சொல்கிறேன். ஃபாக்ஸ்குளோவ் என்ற விஷச் செடி முதல் வருடம் பூக்காது, தரையோடு இலைக்கொத்து மட்டும் இருக்கும். அந்த இலையை காம்ஃப்ரே என்ற மூலிகையின் இலை என்று நினைத்துத் தேநீர் போட்டு விஷமேறிய சம்பவங்கள் நிஜத்திலேயே நடந்திருக்கின்றன. காம்ஃப்ரே இலையின் விளிம்பு வழுவழுப்பு. ஃபாக்ஸ்குளோவ் விளிம்பில் நுண்ணிய பற்கள். இரண்டாம் அத்தியாயத்தில் கடைப் பையனுக்கு அவள் இதைச் சொல்லிக்கொடுக்கட்டும், பேச்சோடு பேச்சாக. பிறகு பிணத்தின் அருகில் தேநீர்ப் பாத்திரம், அதன் அடியில் இலைத் துண்டுகள், பக்கத்தில் அவள் கடை லேபிள் ஒட்டிய பொட்டலம். அவள்தான் இலையை மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று போலீஸ் கடைக்கு சீல் வைக்கிறது. அவள் ஏன் துப்பறிகிறாள் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. வெறும் ஆர்வக்கோளாறு மூன்று அத்தியாயத்துக்கு மேல் தாங்காது.

இலை என்ன விஷம் என்று சொல்லும். ஆளைக் காட்டுவது லேபிள். பொட்டலத்தில் இருப்பது வட்ட லேபிள்; அவள் வட்ட லேபிளைக் களிம்பு டப்பா மூடிக்கு மட்டும்தான் ஒட்டுவாள், பொட்டலத்துக்கு எப்போதும் நீளச் சதுரம். அப்படியானால் யாரோ டப்பாவிலிருந்து உரித்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த மாதம் களிம்பு வாங்கியவர்கள் நான்கு பேர், பெயர்கள் பேரேட்டில் இருக்கின்றன. இதில் ஒரு சொட்டு மந்திரம் கிடையாது.

விஷ விவரத்தில் கவனம் வேண்டும். ஒரு வாய் குடித்ததும் கோப்பை நழுவி விழும் காட்சி ஃபாக்ஸ்குளோவுக்குப் பொருந்தாது. குமட்டல், வாந்தி, தாறுமாறான நாடித்துடிப்பு என்று மணிக்கணக்கில் இழுக்கும். சிலருக்குப் பார்வையில் மஞ்சள் படரும். செத்தவர் அன்று மாலை “இந்த மேசைவிரிப்பு வெள்ளையாகத்தானே இருந்தது?” என்று கேட்டிருந்தால், அது எல்லோரும் விளக்கு வெளிச்சம் என்று தள்ளிவிடும் அழகான தடயம். இந்தத் தாமதத்தால் விஷம் கொடுத்த நேரம் சாவுக்குப் பல மணி நேரம் முன்பு என்று ஆகிறது, ‘அப்போது நான் வேறிடத்தில் இருந்தேன்’ என்று உறுதியாக நின்ற அலிபிகள் ஆட்டம் காண்கின்றன. இலையைப் பொடியாக்காமல் கையால் நொறுக்கியதாக எழுதுங்கள். பொடியில் விளிம்பு தெரியாது. இன்னொன்று, கதை இன்றைய காலம் என்றால் உங்கள் கடைக்காரி காம்ஃப்ரேவைத் தேநீராக விற்கக் கூடாது. கல்லீரலைக் கெடுக்கும் என்பதால் 2001-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, உள்ளுக்குச் சாப்பிடும் தயாரிப்புகளிலிருந்து அதை நீக்கச் சொன்னது. மேலே பூசும் களிம்பாக வைத்துக்கொள்ளுங்கள். வட்ட லேபிள் தடயமும் அதனால் இன்னும் இறுகும்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தில் இந்த வகை பெரும்பாலும் 60,000 முதல் 80,000 சொற்கள். தமிழில் விகுதிகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை குறைந்த சொற்களில் முடியும். எண்ணைத் துரத்தாமல் விகிதத்தைப் பாருங்கள்: முதல் பத்தில் ஒரு பங்குக்குள் பிணம், பாதியில் முதல் சந்தேகம் உடைய வேண்டும், கடைசிப் பத்தில் ஒரு பங்கில் அவிழ்ப்பு. சந்தேக நபர்கள் ஐந்து பேர் போதும், ஒவ்வொருவரும் கொலையோடு சம்பந்தமில்லாத ஏதோ ஒன்றையும் மறைக்க வேண்டும். ரத்தம், சித்திரவதை எல்லாம் பக்கத்துக்கு வெளியே. பூனை, நாய் எதுவும் சாகவே கூடாது.

பேசும் பூனை வைப்பதாக இருந்தால், அது கொலையைப் பார்த்திருக்கவும் கூடாது. பார்த்தே தீர வேண்டுமென்றால், மனிதர்களை அது முகத்தால் அல்ல, வாசனையால்தான் அடையாளம் சொல்லும் என்று வையுங்கள். லாவண்டர் வாசனை என்று பூனை சொல்லும். கடையில் லாவண்டர் வாங்காதவர் ஊரில் யார்?

போலீஸ்காரரை முட்டாளாக்காதீர்கள். அவரிடம் ஆய்வகம் இருக்கிறது, இவளிடம் ஊர்ப்பேச்சு இருக்கிறது. ஒருவரிடம் இருக்கும் பாதி மற்றவரிடம் இல்லை, அவ்வளவுதான். முடிவில் உண்மையைக் கக்க வைக்கும் கஷாயம் வேண்டவே வேண்டாம். அப்படி வாங்கிய வாக்குமூலத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்று அவரே சொல்லிவிடுவார்.

எழுதும் வரிசை: முதலில் கொலைகாரனின் நாள்குறிப்பை மணிவாரியாக எழுதுங்கள், பிறகு பேரேட்டை. கதையை அதற்குப் பிறகு தொடங்கலாம். முடித்தபின் மந்திரக் காட்சிகளை மட்டும் உருவிவிட்டுக் கதைச்சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கொலைகாரன் அப்போதும் மாட்டினால் கதை நிற்கிறது. மாட்டவில்லை என்றால், விடுபட்ட தடயத்தைப் பேரேட்டில் எந்தத் தேதியில் எழுதலாம் என்று தேடுங்கள்.