குழந்தைக்கு அக்கா சமைக்கும் வீடுகளுக்கு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து. பகலில் குழந்தைக்குச் சமைத்து ஊட்டுவது வேலைக்கு வரும் அக்காவோ ஆயாம்மாவோதான். "சொன்னா கேட்க மாட்டேங்கிறாங்க" என்ற வருத்தம் பல கடிதங்களில் இருக்கிறது. வெறும் "செய்யாதீங்க" யாருக்கும் மனதில் நிற்காது. காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பத்து மாதக் குழந்தை. பருப்பு சாதத்தில் உப்பு வேண்டாம் என்றால், "உப்பில்லாம எந்தப் பிள்ளை திங்கும்?" என்கிறார் ஆயாம்மா. பசும்பாலில் தேனும் விடுகிறார். (வேளச்சேரி)

தேனை இன்றே நிறுத்துங்கள். ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுகூட ஆகாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்து பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். வீட்டுக் கொதியில் அந்த வித்து சாகாது. பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்குப் பிறகுதான். அதுவரை தாய்ப்பால், அல்லது டாக்டர் சொன்ன பால்பவுடர்.

உப்பும் ஒரு வயது வரை வேண்டாம், சர்க்கரை இரண்டு வயது வரை வேண்டாம். வெல்லமும் பனங்கற்கண்டும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். ஆயாம்மா நாக்குக்குச் சப்பென்று இருப்பது, உப்பே அறியாத குழந்தைக்கு அப்படித் தெரியாது. நெய்யில் சீரகமும் ஒரு பல் பூண்டும் தாளித்து மசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டரை வயது மகன். செல்போன் இல்லாமல் வாயே திறப்பதில்லை. போன் செய்து கேட்டால் அக்கா, "ஃபுல்லா சாப்பிட்டான்" என்கிறார். எடை ஏறவே இல்லை. (கோவை)

நீங்கள் தினமும் கேட்பது, "ஃபுல்லா சாப்பிட்டானா?" என்றுதானே? அதற்கு "ஆமாம்" என்று சொல்லியாக வேண்டிய நெருக்கடி அக்காவுக்கு. கிண்ணம் காலியாகாவிட்டால் பழி தன் மேல் விழும் என்ற பயத்தில்தான் செல்போன் வருகிறது. படம் பார்க்கிற குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது.

கேள்வியை மாற்றுங்கள். "எப்போ பசிச்சுது? எதை ஆசையா எடுத்தான்?" என்று கேளுங்கள். "மிச்சம் வெச்சா பரவாயில்லக்கா" என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். தரையில் உட்காரவைத்து அவனுக்கென்று ஒரு தட்டு. பிய்த்துப் போட்ட அரை இட்லி, ஓரத்தில் கொஞ்சம் சாம்பார். மேலும் கீழும் சிந்தட்டும். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், தட்டை எடுத்துவிடலாம். அடுத்த வேளை வரை பிஸ்கட்டோ பாலோ கிடையாது, தண்ணீர் மட்டும். முதல் சில நாள் அழுவான், குறைவாகத்தான் சாப்பிடுவான். தாங்கிக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் அக்காவும் தட்டுப் போட்டு அவனோடு சாப்பிட வேண்டும். பெரியவர்கள் மெல்வதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பழகுகிறார்கள். குழந்தைக்குச் சுடச்சுடச் சமைக்கிறவருக்கு நேற்றைய மிச்சத்தைத் தருவதை என்னால் ஏற்க முடியாது. பிள்ளைக்கு என்னவோ அதுவே அவருக்கும்.

எடை சில மாதங்களாகவே ஏறவில்லை என்றால், வளர்ச்சி அட்டையோடு டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

காலை 7 மணிக்கு வடித்த சாதத்தை ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுப் போகிறேன். 1 மணிக்கு ஊட்டுகிறார்கள். சரியா? (தாம்பரம்)

வேண்டாம். பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து சாதம் வெந்தாலும் சாகாது, வெதுவெதுப்பில் பெருகும். அது விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. 60 டிகிரிக்கு மேல் சூடு நின்றால் பயமில்லை, சாதாரண ஹாட்பாக்ஸில் ஆறு மணி நேரம் அது நிற்காது. அரிசி, பருப்பு, நறுக்கிய கேரட்டை அளந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். பன்னிரண்டரைக்கு அக்கா சின்ன குக்கரில் ஏற்றினால் போதும்.

மூன்று வயது மகள் நாளுக்கு நான்கு டம்ளர் பால் குடிக்கிறாள், சாதம் தொடுவதில்லை. ஹீமோகுளோபின் 9.2. (திருச்சி)

இந்த வயதில் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, வயிற்றை மட்டும் அடைத்துவிடும். நாள் முழுவதற்கும் 400 முதல் 500 மில்லி போதும், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. 9.2 என்ற ஹீமோகுளோபினை உணவால் மட்டும் சரிசெய்ய முடியாது. டாக்டர் தரும் இரும்பு சிரப்பை விடாமல் கொடுங்கள், பாலோடு சேர்த்து அல்ல. அசைவம் உண்டென்றால் ஈரல், கறி, மீன். இல்லையென்றால் பருப்பு, முருங்கைக்கீரை. மேலே எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். அக்கா குடிக்கும் டீயில் குழந்தைக்கும் ஒரு மடக்கு தரும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். டீ இரும்பைச் சேரவிடாது.

சத்து என்று அக்கா இரண்டு வயதுப் பிள்ளைக்கு வறுத்த வேர்க்கடலை தருகிறார். தரலாமா? (மதுரை)

சத்துதான், ஆனால் முழுதாகக் கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஐந்து வயது வரை பொடித்தே கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். ஓடும்போது ஊட்டவே கூடாது. தொண்டையில் அடைத்தால் செய்யும் முதலுதவியை டாக்டரிடம் கற்றுக்கொள்ளும்போது அக்காவையும் கூட்டிப்போங்கள். அந்த நேரத்தில் பிள்ளையின் பக்கத்தில் இருக்கப்போவது அவர்தான்.