வீட்டுக்கு வரும் விளம்பர போன்களையும் வாசலில் விழும் நோட்டீஸ்களையும் குறைக்க வழி உண்டா?

கேள்வி கேட்டவர், வயதான அப்பா அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர். லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று பகல் முழுக்க அவர்களுக்கு போன் வருகிறதாம், வாசலில் நோட்டீஸும் குவிகிறதாம். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. இப்போது பெருமளவு குறைந்திருக்கிறது. அடியோடு நிற்கவில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சென்னை தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அண்ணனுக்கு மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அதனால் அம்மா எந்த போனையும் விடமாட்டார். தெரியாத நம்பர் என்றால் இன்னும் வேகமாக எடுப்பார்.

ஒரு நாள் காசிமேட்டில் வாங்கி வந்த நெத்திலியைக் குழாயடியில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே போன் அடித்தது. அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி. சுவரைப் பிடித்து எழுந்து, கையைக் கழுவாமலே முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு போய், சுண்டுவிரலால் பச்சை பட்டனை அழுத்தினார். "வணக்கம் மேடம், உங்களுக்கு ஒரு பர்சனல் லோன் ஆஃபர் இருக்கு" என்று ஒரு பையன் ஆரம்பித்தான். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. "எம் புள்ளைக்கு இன்னாப்பா ஆச்சு?" என்று கேட்டார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, திரும்பவும் வட்டியைச் சொன்னான். விஷயம் விளங்கியதும் அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து நின்றார். அன்றைக்கு எனக்கு லீவு, அதனால் கண்ணால் பார்த்தேன். இது தினமும் நாலைந்து முறை நடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

'தெரியாத நம்பரை சைலன்டில் போடுங்கள்' என்று பலர் சொல்வார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கும் வீட்டில், ஆஸ்பத்திரி போனை எதிர்பார்க்கும் வீட்டில், அது ஒத்துவராது. ஆகவே அழைப்பு கிளம்பும் இடத்திலேயே தடுக்கத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை 1909. டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா கம்பெனி சிம்முக்கும் பொதுவாக வைத்திருக்கும் எண் இது. எந்த நம்பருக்குத் தொல்லை வருகிறதோ அந்த போனிலிருந்தே ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஒரு இடம் விட்டு 0 போட்டு, 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எல்லா வகை விளம்பரமும் வேண்டாம் என்று பதிவாகிவிடும். வகை வாரியாகத் தேர்ந்தெடுக்கவும் எண்கள் உண்டு. 1 பேங்க், இன்சூரன்ஸ், லோன் சம்பந்தப்பட்டவை. 2 ரியல் எஸ்டேட், 3 படிப்பு, 4 உடல்நலம். அடுத்த எண்களும் இப்படியே ஒவ்வொரு வகைக்கு. மெசேஜ் அடிக்க வராதவர்கள் 1909-க்கு போன் செய்தும் சொல்லலாம். அம்மாவிடம் இருப்பது சாதாரண பட்டன் போன்தான், அதிலேயே முடிந்துவிட்டது. காஸ் மெசேஜ் வராமல் போய்விடுமோ என்று அம்மா பயந்தார். காஸ், பேங்க் ஓடிபி எதுவும் நிற்காது. அவை விளம்பரக் கணக்கில் வராது.

இதைச் செய்த பிறகும் போன் வருகிறதே என்று பலர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். முறைப்படி பதிவு செய்த விளம்பர நிறுவனங்கள் 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் கூப்பிட வேண்டும். பதிவு செய்தவர்கள் இந்த விலக்குப் பட்டியலைப் பார்த்து விலகிக்கொள்வார்கள். நம்மைப் பாடாய்ப் படுத்துகிறவர்கள் அவர்கள் இல்லை. சாதாரண பத்து இலக்க சிம்மை வைத்துக்கொண்டு கூப்பிடுகிறவர்கள்தான். அப்படி விளம்பரத்துக்குக் கூப்பிடுவதே விதிமீறல். அந்த நம்பரை பிளாக் செய்தால் நாளைக்கு வேறு நம்பரில் வருவார்கள். நானும் நிறைய பிளாக் செய்திருக்கிறேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. புகார் கொடுத்தால்தான் அந்த சிம்மின் மேல் கை வைப்பார்கள்.

புகாரும் அதே 1909-க்குத்தான். என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று ஒரு வரி, ஒரு காற்புள்ளி, கூப்பிட்ட நம்பர், ஒரு காற்புள்ளி, தேதி. இந்த மூன்றையும் அழைப்பு வந்த போனிலிருந்தே அனுப்ப வேண்டும். ஸ்மார்ட்போன் இருந்தால் டிராயின் டிஎன்டி ('தொந்தரவு செய்யாதே') ஆப்பில் இன்னும் சுலபம். இந்த விளம்பரத் தொல்லைக்காக டிராய் 2018-இல் போட்ட விதிகளை 2025 பிப்ரவரியில் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் நமக்கு ரொம்பவே உதவுகிறது. முன்பு மூன்று நாளுக்குள் புகார் செய்ய வேண்டும், இப்போது ஏழு நாள் அவகாசம். முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் சேர்ந்தால்தான் அசைவார்கள். இப்போது பத்து நாளில் ஐந்து பேர் புகார் செய்தால் போதும். பதிவில்லாத நம்பர் என்றால் ஐந்து நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், முன்பு இதற்கு முப்பது நாள். முதல் தடவை மாட்டினால் பதினைந்து நாள் அந்த இணைப்பிலிருந்து யாரையும் கூப்பிட முடியாது, திரும்பவும் மாட்டினால் ஒரு வருடத்துக்கு எல்லா இணைப்பும் போய்விடும். நாம் அனுப்பும் ஒரு எஸ்எம்எஸ் அந்த ஐந்தில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு அனுப்புங்கள். நான் அப்படித்தான் அனுப்புகிறேன்.

பகலில் வந்த நம்பர் ராத்திரி எனக்கு எப்படித் தெரியும்? போன் வைக்கும் ஸ்டூலுக்கு மேலே எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டிவிட்டேன். விளம்பர போன் வந்தால் அம்மா அன்றைய தாளிலேயே நம்பரைக் குறித்து, பக்கத்தில் 'லோன்', 'மனை' என்று ஒரு வார்த்தை எழுதிவிடுவார். தேதிதான் தாளிலேயே இருக்கிறதே. வேலை முடிந்து வந்து அந்தத் தாளைப் பார்த்து அம்மா போனிலிருந்தே அனுப்பிவிடுவேன். ஐந்து நிமிடம் ஆகாது.

சரி, நம்பர் எப்படி வெளியே போகிறது? எங்கள் விஷயத்தில் முக்கால்வாசி நாங்களே கொடுத்ததுதான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடிக்குத் துணி எடுக்கப் போனபோது, ஒரு கடையில் பரிசுக் கூப்பன் கொடுத்தார்கள். அம்மா நம்பரையும் என் நம்பரையும் எழுதிப் பெட்டியில் போட்டேன். அந்த மாதமே டூர் பேக்கேஜ்காரர்கள் இரண்டு நம்பருக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது கூப்பன் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பில் போடும்போது "நம்பர் சொல்லுங்கக்கா" என்று கேட்டால், "நம்பர் இல்லாம போடுங்க தம்பி" என்பேன். "சிஸ்டம் கேக்குதுக்கா" என்பார்கள். பின்னால் வரிசை நிற்கும்போது சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் சிரித்த முகத்தோடு அங்கேயே நின்றால் பில் வந்துவிடும், எனக்கு ஒரு கடையிலும் வராமல் போனதில்லை. பில் போட நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதனால் தயக்கமே வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள். ஆஃபர் அனுப்பலாம் என்று ஒரு கடைக்கு நாமே சம்மதம் கொடுத்திருந்தால், 1909-இல் பதிந்திருந்தாலும் அந்தக் கடை மெசேஜ் வரும். அதைத் தனியாகத்தான் ரத்து செய்ய வேண்டும்.

நோட்டீஸ் பக்கம் வருவோம். எங்களுக்கு வருவதில் பாதி செங்குன்றம், மீஞ்சூர், பொன்னேரி மனைகள். ஏப்ரல், மே வந்தால் டியூஷனும் பள்ளி அட்மிஷனும். பேப்பருக்குள் செருகி வருவதை நிறுத்த ஏஜென்டிடம் நேரில் பேசினேன். "அதுல தான்க்கா எங்களுக்கு ரெண்டு காசு" என்றார். அவர் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது, கோபித்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டுப் பேப்பரை மட்டும் செருகாமல் போடச் சொன்னேன், போடுகிறார். கேட்டில் சொருகிவிட்டுப் போகிறவர்களுக்கு 'விளம்பர நோட்டீஸ் போட வேண்டாம், பெரியவர்கள் வழுக்கி விழுகிறார்கள்' என்று அட்டை எழுதிக் கட்டினேன். மழைக்காலத்தில் அப்பா உண்மையாகவே வழவழ நோட்டீஸில் கால் வைத்துச் சறுக்கியிருக்கிறார். அந்த இரண்டாவது பாதியை எழுதிய பிறகுதான் பலரும் போடாமல் போகிறார்கள். பெயர் போட்டுத் தபாலில் வரும் விளம்பரத்தைப் பிரிக்காமல் 'வாங்க மறுக்கிறேன்' என்று எழுதித் தபால்காரரிடமே கொடுத்துவிடலாம். பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரியானவற்றை மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய பேப்பர் கடையில் போடும் முன் பெயரும் நம்பரும் இருக்கும் இடத்தைக் கிழித்துவிடுங்கள். ஒரு முறை வாங்கிய சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒருவருடைய இன்சூரன்ஸ் கடிதம். பெயர், கதவு எண், போன் நம்பர், பாலிசித் தொகை எல்லாம் எண்ணெய்க் கறைக்கு நடுவே தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெரியவருக்கு யார் வேண்டுமானாலும் 'உங்கள் பாலிசி விஷயமாக' என்று போன் செய்யலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு காகிதமும் முழுதாக வெளியே போவதில்லை.

அப்பா அம்மாவுக்கு இதையும் சொல்லி வையுங்கள். கேஒய்சி காலாவதியாகிவிட்டது, கரன்ட் கட்டாகும், போலீஸ் பேசுகிறோம் என்று மிரட்டினால் அது விளம்பரம் இல்லை, மோசடி. வீடியோ காலில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. போனை வைத்துவிட்டு, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைப் பற்றிச் சொல்வதற்கான சக்ஷு பகுதியில் பதியலாம். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும். இந்த நம்பரைக் காலண்டர் அட்டையிலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நாங்கள் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. முதல் மாதத்தில் ஒரு தாளில் நாலைந்து நம்பர் இருக்கும். போன வாரத் தாள்களைப் புரட்டினேன், மொத்தம் இரண்டு. அதில் ஒன்றின் பக்கத்தில் அம்மா 'இது காஸ்காரர், அனுப்பாதே' என்று எழுதியிருந்தார்.