மண்ணோடு சேர்த்து மொழியைக் கற்பிப்பது என்றால் என்ன? அதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர் யாராவது உண்டா?

உண்டு, ஹவாயின் லாரி கிமுரா. பாட்டி பேசிய ஹவாய் மொழியைக் கேட்டு வளர்ந்தவர். 1896-இலேயே சட்டம் போட்டுப் பள்ளிகளில் அந்த மொழியை ஒதுக்கிவிட்டார்கள். 1972 முதல் இவர் வானொலியில் முதியவர்களைப் பேசவைத்து, நூற்றுக்கணக்கான மணி நேரம் பதிவு செய்தார். எனக்கு இதுவே அவருடைய ஆகப் பெரிய பணி. 1983-இல் சக ஆசிரியர்களோடு 'பூனானா லேயோ' அமைப்பைத் தொடங்கினார். அதன் மழலையர் பள்ளிகளில் ஹவாய் மொழி மட்டும்தான்.

மண் எங்கே வருகிறது? அங்கே சேப்பங்கிழங்கு வயலும் வகுப்பறைதான். தாய்க்கிழங்கை ஒட்டி முளைக்கும் பக்கக்கன்றுக்கு 'ஒஹா' என்று பெயர், குடும்பத்துக்கு 'ஒஹானா'. சேற்றில் கைவிட்டுக் கன்றைப் பிரித்து நடும் பிள்ளை அந்தச் சொல்லை மனப்பாடம் செய்யவா வேண்டும்?