இடம் இல்லை என்று சொல்லும் சாம்ப்ளர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வணக்கம் சார். ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் வாசிக்கிறேன். பழைய அகாய் எஸ்3000எக்ஸ்எல் சாம்ப்ளர் (பதிவு செய்த ஒலிகளை நோட்டுகளில் வைத்து வாசிக்கும் கருவி) ஒன்று வாங்கினேன். தவில், பம்பை, உறுமி மூன்றையும் எங்கள் ஊர்க் கலைஞர்களை வாசிக்கச் சொல்லி நானே பதிவு செய்து, ஆக்டோபேடில் (குச்சியால் அடிக்கும் எலக்ட்ரானிக் பேட்) இருந்து மிடி (இசைக் கருவிகளை இணைக்கும் முறை) வழியாக அடிக்கிறேன். இரண்டு தொல்லை. நான்கு ப்ரோகிராம்களை அழித்த பிறகும் மெமரியில் இடம் இல்லை என்கிறது. அடுத்தது, தவிலை மட்டும் தனி அவுட்புட் 1 வழியாக அனுப்பினேன். மிக்சரில் அந்த ஃபேடரை முழுக்க இறக்கினாலும் தவில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மெஷின் போய்விட்டதா? கூடுதல் மெமரி வாங்க வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மெஷினுக்கு ஒன்றும் இல்லை தம்பி. முதலில் உங்கள் ஊர்க் கலைஞர்களை உட்கார வைத்துப் பதிவு செய்தீர்களே, அதற்கு என் மனமார்ந்த பாராட்டு. எங்கோ தயாரான சிடியில் இருக்கும் ‘இந்தியன் ட்ரம்’ ஒலிகளை வைத்துக்கொண்டு நம் ஊர்த் திருவிழாவில் வாசிப்பதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தவிலின் இடது பக்கமான தொப்பியில் கழி விழும் ஓசை அதில் வருவதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். இந்தச் சாம்ப்ளரில் சாம்பிள் வேறு, ப்ரோகிராம் வேறு. சாம்பிள் என்பது ஒலி. மெமரியை அடைத்துக்கொண்டு உட்காருவது அதுதான். ப்ரோகிராம் என்பது அந்த ஒலியை எந்த நோட்டில், எவ்வளவு சத்தத்தில், எந்த அவுட்புட்டில் வாசிக்க வேண்டும் என்று எழுதி வைத்த குறிப்பு. அதன் எடை மிகக் குறைவு. நீங்கள் அழித்தது குறிப்பை. ஒலிகள் எல்லாம் அப்படியே உள்ளே கிடக்கின்றன. அழிக்கும் பக்கத்துக்குப் போய் சாம்பிள் பட்டியலைத் திறந்து பாருங்கள். எந்த ப்ரோகிராமிலும் சேராத பத்துப் பதினைந்து சாம்பிள் அங்கே இருக்கும். அவற்றைத் தனியாக நீக்கினால்தான் இடம் கிடைக்கும். ஃப்ளாப்பியிலிருந்து ஏற்றும்போதும் கவனம் தேவை. பழையதை அழித்துவிட்டு ஏற்றுவது ஒரு வழி, பழையதோடு சேர்த்து ஏற்றுவது இன்னொரு வழி. சேர்த்துச் சேர்த்து ஏற்றினால் மூன்றாவது ஃப்ளாப்பியிலேயே மெமரி நிறைந்துவிடும்.

அடுத்து, எவ்வளவு இடம் உங்களிடம் இருக்கிறது என்ற கணக்கு. இந்த மாடலில் கூடவே வரும் மெமரி 2 எம்.பி.தான். 44.1 கிலோஹெர்ட்ஸில் 16 பிட் மோனோ பதிவு வினாடிக்கு 88,200 பைட் எடுக்கும். அப்படியானால் 2 எம்.பி.க்கு 24 வினாடிகூட முழுதாக இல்லை. ஸ்டீரியோவில் பதிவு செய்தால் அதில் பாதி. பட்டியலில் ஒரே பெயர் ‘எல்’, ‘ஆர்’ என்ற முடிவோடு இரண்டு முறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்டீரியோவில் எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு மைக்கை வைத்துத் தவில் அடியைப் பதிவு செய்யும்போது ஸ்டீரியோ எதற்கு? இரண்டு பக்கமும் ஒரே ஒலி. ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலிகளின் கணக்கிலும் (வாய்ஸ்) இரண்டு செலவாகிறது.

பதிவின் முன்னும் பின்னும் இருக்கும் மௌனத்தை வெட்டுங்கள். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஆரம்பப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் நகர்த்தினால் காதுக்குச் சுருங்கிவிட்டது போலத்தான் இருக்கும். ஆனால் வெளியே தள்ளிய பகுதி மெமரியில் அப்படியே இருக்கிறது. ட்ரிம் பக்கத்தில் ‘கட்’ கொடுத்தால்தான் அது நீங்கும். கட் கொடுத்தால் திரும்ப வராது என்பதால், முதலில் ஒரு ஃப்ளாப்பியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இருபது அடிகளை, ஒவ்வொன்றும் 3 வினாடி, ஸ்டீரியோவில் எடுத்தால் 10 எம்.பி.யைத் தாண்டும். அதையே மோனோவாக்கி, ஒவ்வொன்றையும் 0.8 வினாடியில் வெட்டினால் 1.4 எம்.பி.க்குள் அடங்கிவிடும். அகாய் முறையில் ஃபார்மாட் செய்த ஹெச்.டி. ஃப்ளாப்பி 1.6 எம்.பி. கொள்ளும். ஆக முழு தவிலும் ஒரே ஃப்ளாப்பியில்! கையில் இருக்கிற 2 எம்.பி.யே போதும்.

உறுமியை மட்டும் இப்படி வெட்டாதீர்கள். வளைந்த குச்சி தோலில் உரசி இழுக்கும் அந்த உறுமல்தான் அதன் உயிர். அதற்கு 2 வினாடியோ 3 வினாடியோ எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கொடுங்கள். இடம் போதாவிட்டால் 22.05 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள், பாதி இடம் மிச்சமாகும். உறுமல் தாழ்ந்த ஒலி என்பதால் பெரிதாக இழப்பு தெரியாது. ஜால்ராவுக்கும் சலங்கைக்கும் இதைச் செய்ய வேண்டாம், அவற்றின் பளபளப்பு போய்விடும். தவிலின் வலது பக்கமான வலந்தலையையும் நான் 44.1-லேயே வைப்பேன். விரல் கூடுகள் தோலில் படும் அந்தக் கூர்மை முழுக்க மேல் பகுதியில்தான் இருக்கிறது.

இப்போது அவுட்புட். ப்ரோகிராமின் அவுட்புட் பக்கத்தைத் திறங்கள். ஸ்டீரியோ லெவல் என்று ஒன்று, தனி அவுட்புட் எண்ணும் அதற்கான லெவலும் என்று இன்னொன்று, இரண்டும் இருக்கும். தனி அவுட்புட்டை 1 என்று வைத்தால் ஒலி அங்கே மாறிப் போய்விடும் என்று நினைத்துவிட்டீர்கள். மாறுவதில்லை, அங்கேயும் கூடுதலாகப் போகிறது. ஸ்டீரியோ லெவல் பழைய அளவிலேயே இருப்பதால் இடது வலது ஜாக் வழியாகவும் தவில் வந்துகொண்டே இருக்கும். ஸ்டீரியோ லெவலைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள், வேலை முடிந்தது. இரண்டு வழியிலும் விட்டுவைத்தால் மிக்சரில் ஒரே ஒலி இரண்டு முறை சேர்ந்து 6 டெசிபெல் வரை ஏறும். இரண்டு கேபிளில் ஒன்றின் ஒயர்கள் மாற்றிப் பற்றவைக்கப்பட்டிருந்தால் நேர்மாறாக, தவில் மெலிந்து காணாமல் போகும்.

மல்ட்டியில், அதாவது பல ப்ரோகிராம்களைச் சேர்த்து வைக்கும் அமைப்பில், வைத்து வாசிக்கிறீர்கள் என்றால் அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக லெவல், பேன் (இடது வலது நிலை), அவுட்புட் உண்டு. அதையும் பார்த்துவிடுங்கள். தொப்பி அடி மட்டும் வேறு ஜாக்கில் வருகிறது என்று யாராவது சொன்னால், கீகுரூப்பின் (ப்ரோகிராமில் ஒரு நோட்டு வரம்புக்கான பகுதி) ஜோனில் (அதில் சாம்பிள் வைக்கும் இடம்) அவுட்புட் ஆஃப்செட் (அவுட்புட் எண்ணைத் தள்ளி வைக்கும் அமைப்பு) போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை வேண்டுமென்றே பயன்படுத்தினால் மிக அருமையான வசதி. வலந்தலை 1-இல், தொப்பி 2-இல் என்று ஒரே ப்ரோகிராமில் பிரித்துவிடலாம். மிக்சரில் தொப்பிக்குத் தனி ஈக்யூ (தொனியைத் திருத்தும் வசதி) கிடைக்கும். கூடம் போல எதிரொலிக்கும் கல்யாண மண்டபங்களில் இது பெரிய உதவி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதன் மெமரி மின்சாரம் இருக்கும் வரைதான். பல வருடங்களுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவில், லைன் மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும்போது மேடை ஒரு கணம் இருண்டது. விளக்கு உடனே வந்துவிட்டது, என் சாம்ப்ளர் காலியாக நின்றது. ஒன்பது ஃப்ளாப்பியை ஒவ்வொன்றாக நான் ஏற்றி முடிக்கும் வரை எங்கள் பாடகர் கூட்டத்தோடு பேசிக்கொண்டே இருந்தார். அவருக்கு வியர்த்து ஊற்றியதை இன்றும் மறக்கவில்லை. அடுத்த வாரமே கம்ப்யூட்டருக்குப் போடும் சிறிய யு.பி.எஸ். ஒன்று வாங்கினேன். நீங்களும் வாங்குங்கள். கூடுதல் மெமரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: என்னிடம் அகாய் எஸ்2000 இருக்கிறது. நண்பர் தன் எஸ்3000எக்ஸ்எல்லில் செய்த ட்ரம் ப்ரோகிராம் ஒன்றை ஃப்ளாப்பியில் கொடுத்தார். பிழை எதுவும் காட்டாமல் ஏறுகிறது, மெமரியும் குறைகிறது. ஆனால் அடித்தால் சத்தமே இல்லை. மிடி விளக்கு மின்னுகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மேலே சொன்ன அதே கதைதான். உங்கள் நண்பர் ட்ரம்மைத் தனி அவுட்புட்டுகளுக்குப் பிரித்து, ஸ்டீரியோ லெவலைப் பூஜ்ஜியம் ஆக்கியிருப்பார். அந்த அமைப்பும் ப்ரோகிராமோடு சேர்ந்தே வந்துவிட்டது. எஸ்2000 வாங்கும்போது பின்னால் இருப்பது இடது, வலது ஜாக் மட்டும். எட்டுத் தனி அவுட்புட் வேண்டுமென்றால் ஐபி-208பி என்ற கூடுதல் போர்டு போட வேண்டும். அது இல்லாத மெஷினில் ஒலி போவதற்கு வாசலே இல்லை. ஸ்டீரியோ லெவலை ஏற்றிப் பாருங்கள், உடனே கேட்கும். பிறகு வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். நண்பரின் ஃப்ளாப்பியை அப்படியே திருப்பிக் கொடுங்கள், அவருக்கு அந்த அமைப்பு தேவைப்படும்.

கேள்வி: என் எஸ்3000எக்ஸ்எல்லுக்குப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த மெமரி இரண்டு துண்டு போட்டேன். அன்று முதல் சில சாம்பிள்களில் ‘டப்’ என்று வெடிக்கும் சத்தம். மிக்சர் கேபிளை மாற்றியும் போகவில்லை. மெமரி காரணமா, அவுட்புட் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மதுரை

பதில்: காதை வைத்தே கண்டுபிடிக்கலாம். சந்தேகப்படும் சாம்பிளைப் பத்து முறை அடியுங்கள். வெடிப்பு ஒவ்வொரு முறையும் ஒலியின் அதே இடத்தில் வருகிறதா? வந்தால் மெமரிமேல்தான் சந்தேகப்பட வேண்டும். பழுதான இடத்தில் எழுதிய எண் தப்பாகவே திரும்ப வருகிறது. இடம் மாறி மாறி வந்தால், அல்லது ஜாக்கை ஆட்டும்போது வந்தால், அவுட்புட் பக்கத்தைப் பாருங்கள்.

இன்னொரு சோதனை இதைவிட உறுதியானது. மெமரியை முழுக்கக் காலி செய்யுங்கள். முதலில் வேறு சில சாம்பிள்களை ஏற்றி, கடைசியாக அந்தச் சாம்பிளை ஃப்ளாப்பியிலிருந்து ஏற்றுங்கள். இப்போது அது மெமரியில் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதில் வெடிப்பு மறைந்து வேறொரு சாம்பிளில் தோன்றினால், மெமரிதான் குற்றவாளி. அதே சாம்பிளில் அதே இடத்தில் தொடர்ந்தால் சேமித்த கோப்பிலேயே அது பதிந்துவிட்டது, புதிதாகப் பதிவு செய்ய வேண்டியதுதான்.

மெமரி என்று தெரிந்தால் உடனே தூக்கி எறியாதீர்கள். இதில் போடுவது 72 பின் சிம் (மெமரி சில்லுகள் பொருத்திய சிறு பலகை), அந்தக் காலத்து 486, பென்டியம் கம்ப்யூட்டர்களில் இருந்த அதே வகை. இரண்டு சாக்கெட், அதிகபட்சம் 32 எம்.பி. முப்பது வருடம் பழைய துண்டுகளில் பாதிக்கு மேல் நான் பார்த்த பழுது, பின்களில் படிந்த கருமைதான். மின்சாரத்தைத் துண்டித்து, பிளக்கை உருவிவிட்டு, சற்றுப் பொறுத்து மூடியைத் திறங்கள். பவர் சப்ளை பக்கம் கை வேண்டாம். சேசிஸின் உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, சிம்மை எடுத்துப் பின்களை மிருதுவான பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். திரும்பப் போடும்போது சாய்வாக நுழைத்து நிமிர்த்த வேண்டும், இரண்டு பக்கக் கிளிப்பும் பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் பிடிக்காமல் இருந்தாலே இந்தத் தொல்லை வரும்.

அதன் பிறகும் வெடித்தால் ஒரு துண்டை மட்டும் வைத்துச் சோதியுங்கள், பிறகு மற்றதை. பழுதான துண்டு எது என்று தெரிந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் உதிரி விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது மெஷினையே எடுத்துக்கொண்டு போக முடிந்தால் நல்லது. சாக்கெட்டில் பொருத்தி, திரையில் முழு மெமரியும் காட்டுகிறதா என்று பார்த்து, ஒரு நீண்ட சாம்பிளைப் பதிவு செய்து கடைசிவரை கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.