நாமக்கல் ஹாஸ்டலா, பல்லடம் பஸ்ஸா?

கேள்வி: டீச்சரம்மாவுக்கு வணக்கமுங்க. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறார். பெரிய பெண் எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள், ஒன்றாம் வகுப்பிலிருந்து அங்கேதான். இந்த வருசம் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைப் பரீட்சையில் தேறிவிட்டாள். ஒன்பதாம் வகுப்புக்கு எப்படியும் வேறு பள்ளிக்கூடம் போயாக வேண்டும். எங்கள் நங்கையா தன் மகனை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் போட்டிருக்கிறார். "நல்லாப் படிக்கிற புள்ளையை கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டுக் கெடுத்துப்போடாதே" என்கிறார். வருசத்துக்கு ஒன்றரை லட்சம் ஆகுமாம். தாலிக்கொடியை அடகு வைத்தால் முதல் வருசத்துக்குக் கட்டிவிடலாம். அரசாங்கம் அது தருது, இது தருது என்கிறார்கள், அதனாலெல்லாம் புள்ளை படிச்சிருமாங்க? என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், பல்லடம்)

பதில்: அம்மிணி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டல் வேண்டாம். கொடி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும். பல்லடத்திலோ பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்திலோ உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் சேருங்கள். ஆனால் சேர்த்துவிட்டு, நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் பெண் தேறியிருக்கிற பரீட்சை சின்ன விசயம் இல்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருசத்துக்கு 12,000 ரூபாய், நான்கு வருசத்துக்கு 48,000, அவள் பெயரில் உள்ள பேங்க் கணக்குக்கே வரும். இதில் இரண்டு நிபந்தனை இருக்கிறது, அதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒன்று, அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கிற வரைக்கும்தான் அந்தப் பணம். தனியார் பள்ளிக்கு மாற்றிய அன்றைக்கே அது நின்றுவிடும். இரண்டு, பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் தொடரும் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55). ஒன்பதாம் வகுப்பில் சேர்த்த உடனே தலைமை ஆசிரியரிடம் "எங்க புள்ளை என்.எம்.எம்.எஸ். தேறியிருக்குதுங்க" என்று சொல்லி, இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள், ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். நடுநிலைப் பள்ளியில் பரீட்சை எழுதிவிட்டு வேறு பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் கைவிட்டுப் போகிறது. பழைய பள்ளியில் அனுப்பிவிட்டோம் என்பார்கள், புதுப் பள்ளிக்குத் தெரியாது, கடைசித் தேதி போய்விடும். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி பெயர் இருந்தால் இந்த லீவிலேயே சரி செய்துவிடுங்கள்.

அப்புறம், இதைவிடப் பெரிய விசயம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் 2020ல் சட்டமாக வந்தது. அடுத்த வருசமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினார்கள். அந்த ஒதுக்கீட்டில் கவுன்சலிங்கில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. உங்கள் பெண் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வருசத்தை ஏற்கெனவே முடித்துவிட்டாள். இப்போது இரண்டே வருசம் வெளியே போய்விட்டு பதினொன்றாம் வகுப்புக்குத் திரும்பி வந்தாலும் அந்த உரிமை போனது போனதுதான். வருசம் ஒன்றரை லட்சம் கொடுத்து, நான்கு வருசம் கழித்து இலவசமாகக் கிடைக்கக்கூடிய ஒரு கல்லூரி இடத்தைக் கையால் தள்ளிவிடுவதா என்று யோசித்துப் பாருங்கள்.

கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முன்னால் அந்தப் பணம் ஏழை வீட்டுப் பெண் கல்யாணத்துக்குத் தாலிக்குத் தங்கமாகப் போய்க்கொண்டிருந்தது. 2022ல் அதைப் படிப்புக்கு என்று மாற்றினார்கள், எனக்கு அது மிகவும் பிடித்த மாற்றம். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் நம்ம கோயம்புத்தூரில்தான் தொடங்கியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி இருந்து அதில் சேர்க்கலாமா என்று நினைத்தால், என்.எம்.எம்.எஸ். தொடரும், தமிழ் வழியில் படித்தால் புதுமைப் பெண்ணும் கிடைக்கும், ஆனால் 7.5 சதவீதம் கிடைக்காது. அது முழு அரசுப் பள்ளிக்கு மட்டும்தான். பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாந்துவிடாமல் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இத்தனை வருசம் டீச்சராக இருந்த எனக்கு உறைத்த கேள்வி அதுதான். திட்டத்தினால் எல்லாம் பிள்ளை படித்துவிடுமா?

படித்துவிடாது. 1956ல் மதிய உணவு தொடங்கியபோது கல்வி அமைச்சராக இருந்தவர் நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம். மாடு மேய்க்கப் போன பிள்ளையையும் காட்டு வேலைக்குப் போன பிள்ளையையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தது அந்தச் சோறு. உட்கார்ந்த பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது சோறு இல்லை, அது வாத்தியார் செய்த வேலை. இன்றைக்குக் காலை உணவு, பஸ் பாஸ், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள், உதவித்தொகை, கல்லூரியில் இடஒதுக்கீடு என்று வரிசையாக வந்திருக்கிறது. இவை எல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தி வைக்கும், மேலே போக வழி விடும். நடுவில் நடக்கவேண்டிய ஒன்று, புரிந்துகொள்வது, அது தினம் தினம் நடந்தால்தான் உண்டு.

ஒன்று சொல்கிறேன். நான் கணக்கு டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் அரையும் முக்காலும் கூட்டச் சொன்னால் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி ஆறில் நான்கு என்று எழுதிவிடுவாள். நானும் மூன்று தடவை கரும்பலகையில் போட்டுக் காட்டினேன், தலையாட்டினாள், மறுபடி அதையே எழுதினாள். அவள் அம்மா டெய்லர். தையல் அலமாரியிலிருந்து ஒரு இன்ச் டேப்பை எடுத்து அவள் பெஞ்சில் விரித்து, "அரை இன்ச் எங்கே கண்ணு?" என்றேன். நகத்தை வைத்தாள். "அங்கிருந்து முக்கால் இன்ச் தள்ளு" என்றேன். சின்னச் சின்னக் கோடாக எண்ணிக்கொண்டே நகத்தை நகர்த்தி ஒன்றேகாலில் நிறுத்தினாள். அப்புறம் நோட்டைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள். ஆறில் நான்கு டேப்பில் எங்கே வரும் என்று விரலால் தேடினாள், அது முக்காலுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. "முக்காலோட இன்னும் சேர்த்தா எப்படிங்க டீச்சர் முக்காலை விடக் குறையும்?" என்று கேட்டாள். அவள் அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிசத்தில் அவளுக்குக் கணக்கு வந்துவிட்டது, அதற்கப்புறம் பின்னத்தில் அவள் தடுமாறி நான் பார்த்ததில்லை. மொத்தம் பத்து நிமிசம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிசத்தை எந்தத் திட்டமும் தர முடியாது, ஆனால் பஸ் பாஸும் மதியச் சோறும் இல்லாவிட்டால் அவள் அந்த பெஞ்சில் இருந்திருக்கவே மாட்டாள், ஆறாவதோடு நின்று பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போயிருப்பாள். இரண்டும் வேண்டும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

ஹாஸ்டல் பள்ளியைப் பற்றி உங்கள் நங்கையா சொல்வதில் பொய் இல்லை. மார்க் வரும். என் அண்ணன் பையனையும் அப்படி ஒரு பள்ளியில்தான் போட்டார்கள், பெயர் வேண்டாம். காலை நாலரைக்கு எழுப்பி ராத்திரி பத்தரை வரைக்கும் டெஸ்ட். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை இரண்டு மாதத்தில் மூடிவைத்துவிட்டு மீதி நாள் முழுக்கப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து நூறுக்கு மேலே எடுத்தான், அண்ணன் ஊருக்கே மிட்டாய் கொடுத்தார். இன்ஜினியரிங்கில் முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். லிமிட், வகையீடு எல்லாம் பதினொன்றில் வருகிற பாடம், அவன் அதைப் படிக்கவே இல்லை. பத்தொன்பது வயதுப் பையன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "அத்தை, எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்று அழுததை என்னால் மறக்க முடியவில்லை. இந்தப் பள்ளிகளுக்கு ஊரே பிராய்லர் பள்ளி என்று பெயர் வைத்தது இதனால்தான். 2017-18ல் பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள், இப்போது அது மறுபடி எடுக்கப்பட்டுவிட்டது, அதனால் கண்காணிப்பு இன்னும் அதிகம் வேண்டும். எல்லாத் தனியார் பள்ளியும் இப்படி என்று நான் சொல்லமாட்டேன், நேர்மையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். யாராவது சேர்த்தே தீருவேன் என்றால், "ஒன்பதாம் வகுப்புப் பாடத்தையும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையும் எந்த மாதம் முடிப்பீங்க?" என்று கேளுங்கள். ஜூலையிலேயே முடித்துவிடுவோம் என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. முழுக் கடிதத்திலும் உங்கள் பெண் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. நங்கையா சொன்னது இருக்கிறது, கொடி இருக்கிறது, அவள் இல்லை. பதின்மூன்று வயது, பெரிய மனுசி ஆகிற வயது, அம்மாவை விட்டுவிட்டு எங்கோ ஒரு ஊரில் இருக்க அவளுக்குச் சம்மதமா, கணக்குப் பிடிக்குமா, உயிரியல் பிடிக்குமா, எதற்குப் பயப்படுகிறாள்? கேளுங்கள்.

அரசுப் பள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. மே மாதத்தில் ஒருநாள் அரை ஷிப்ட் லீவு போட்டு நேரில் போங்கள், டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் டிக்கெட் இல்லை. ஒன்பது, பத்துக்குக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் நிரந்தரமாக இருக்கிறார்களா, காலிப் பணியிடமா என்று கேளுங்கள். பதினொன்றில் என்னென்ன குரூப் இருக்கிறது என்று கேளுங்கள், கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் அங்கே இல்லாவிட்டால் இரண்டு வருசம் கழித்துத் தவிப்பீர்கள். கழிப்பறையைப் போய்ப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள், பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். சாயந்திரம் அங்கிருந்து உங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று பாருங்கள். கணக்கு ஆசிரியரே இல்லை என்றால் அடுத்த அரசுப் பள்ளிக்குப் போங்கள், பஸ் பாஸ் இருக்கிறது, இரண்டு ஸ்டாப் தள்ளி இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

அப்புறம் வீட்டில். நீங்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும்போது ராத்திரி ஒன்பது ஆகிவிடும் என்று தெரியும். உங்களால் பாடம் சொல்லிக்கொடுக்க முடியாது, அது தேவையும் இல்லை. நீங்கள் சாப்பிடுகிற நேரத்தில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அன்றைக்குப் போட்ட ஒரு கணக்கை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் "எனக்குப் புரியலை சாமி, இன்னொரு தடவை சொல்லு" என்று சொல்லுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் அவளுக்கும் தெளிவாகத் தெரியும் என்று அர்த்தம். தடுமாறின இடத்தை நோட்டில் ஒரு கோடு போட்டு மறுநாள் வகுப்பில் கேட்கச் சொல்லுங்கள். சாயந்திரம் பள்ளி விட்டு வந்ததும் தறிக்குத் தார் சுற்றவோ தம்பியைப் பார்க்கவோ அவளை உட்கார வைக்காமல் ஒரு மணி நேரமாவது விடுங்கள். பண்டிகை ஆர்டர் நேரத்தில், "லீவுதானே, கைமடிக்கு அனுப்பு" என்று கம்பெனியில் யாராவது கேட்பார்கள். அனுப்பாதீர்கள். ஒரு தடவை கையில் சம்பளம் பார்த்துவிட்டு நோட்டைத் திறக்க மனமில்லாமல் போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடகு வைக்க நினைத்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். ஒரு நல்ல மேசை விளக்கு, ஒரு தமிழ் அகராதி, ஒரு ஆங்கில அகராதி வாங்கிக் கொடுங்கள். பக்கத்து ஊரில் நூலகம் இருந்தால் உறுப்பினராக்குங்கள்.

செப்டம்பரில் காலாண்டுப் பரீட்சை முடிந்து பேப்பர் கொடுத்ததும் அவள் கணக்கு விடைத்தாளை ஜெராக்ஸ் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மார்க் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை, எங்கே தவறு விட்டிருக்கிறாள் என்று பார்த்து, கையாலேயே எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.