சிறிய விமானத்தில் ஓட்டோபைலட்டை ஏன் தனியாகக் கற்க வேண்டும்?

சீனக்குடாவில் சிறிய விமானங்கள் இறங்குவதைப் பார்க்கும் திருகோணமலைப் பிள்ளைகள் பலருக்கும் எழக்கூடிய கேள்வி இது. ஓட்டோபைலட் என்பது, விமானி குறித்துக் கொடுத்த திசையையும் உயரத்தையும் விட்டு விமானம் விலகாதபடி, இறக்கைகளின் சாய்வையும் மூக்கின் நிலையையும் தானே திருத்திக்கொண்டிருக்கும் கருவி. எளிய வகைகள் சாய்வை மட்டுமே கவனிக்கும்.

திருக்கடலூரிலிருந்து படகில் போகும் ஒருவர் தம் மருமகனிடம் சுக்கானைக் கொடுத்து, "கோணேசர் மலைக்கு நேரே பிடி" என்றால், அவன் அதைப் பிசகாமல் செய்வான். எதிரே வலை மிதப்பதையோ மண்ணெண்ணெய் குறைவதையோ பார்ப்பது அவனுக்குச் சொல்லப்படாத வேலை. ஓட்டோபைலட்டும் அந்த மருமகனைப் போன்றதே.

பெரும்பாலான சிறிய விமானங்களில் இயந்திர விசையைக் கூட்டுவதும் குறைப்பதும் விமானியின் கையிலேயே இருக்கிறது. ஆகவே நிமிடத்துக்கு 1000 அடி ஏறும்படி கட்டளையிட்டுவிட்டுப் போதிய விசையைக் கொடுக்காவிட்டால், கருவி அந்த ஏற்றத்தைக் காப்பாற்றுவதற்காக மூக்கை மேலும் மேலும் உயர்த்தும். வேகம் குறைந்து, இறக்கை விமானத்தைத் தாங்கும் திறனை இழக்கும் நிலையும் வரலாம். (புதிய கருவிகள் சிலவற்றில் இதற்குத் தடுப்பு உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.) இதனால்தான் நல்ல பயிற்றுநர், எந்தக் கட்டளை இப்போது நடக்கிறது, எது காத்திருக்கிறது என்பதைத் திரையில் வாசிக்கவும், துண்டிக்கும் பொத்தானைப் பார்க்காமலே தொடவும் முதலில் பழக்குவார்.

ஓட்டோபைலட் இருந்தால் விமானம் தானே தரையிறங்கும் என்று பலர் எண்ணுவது தவறு: 2020 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கார்மின் நிறுவனத்தின் ஓட்டோலாண்ட் என்னும் தானே தரையிறக்கும் கருவி, விமானி செயலிழந்த அவசர வேளைக்கென்று சில விமானங்களில் மட்டும் இருப்பது; ஏனைய சிறிய விமானங்களில் ஓட்டோபைலட் ஓடுபாதையை நோக்கிக் குறிப்பிட்ட உயரம்வரை வழிநடத்தினாலும், சக்கரத்தைத் தரையில் வைப்பவர் விமானியே.