பர்கருக்குள்ள எந்த ஊர் மாடு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் டெக்சாஸ்ல டல்லாஸ் பக்கம் வேலை பாக்குறேன். கூட வேலை பாக்குற அமெரிக்கர் ஒருத்தர் வீட்டுல மூணு தலைமுறையா மாட்டுப் பண்ணை. மதியம் பர்கர் சாப்பிடப் போலாம்னு கூப்பிட்டா வரவே மாட்டார். "கப்பல்ல வந்த கறியை அரைச்சுப் போடுறான், எனக்கு வேணாம்"னு சொல்றார். இவ்வளவு மாடு இருக்கிற நாட்டுல எதுக்கு வெளிநாட்டுக் கறி? – வாசகர், டல்லாஸ்

பதில்: அவர் சொல்றது உண்மைதான் தம்பி, ஆனா காரணம் நீங்க நினைக்கிற மாதிரி மாடு பத்தாம இல்ல, கொழுப்பு அதிகமா இருக்கிறதுதான் காரணம். அமெரிக்காவுல கறிக்கு வளக்குற மாட்டை கடைசி அஞ்சாறு மாசம் நெப்ராஸ்கா, கன்சாஸ், டெக்சாஸ் பக்கம் இருக்கிற பெரிய பட்டிகள்ல அடைச்சு மக்காச்சோளமா போட்டு கொழுக்க வைப்பாங்க, ஸ்டேக்னு முழுசா வாட்டித் திங்கிற கறித்துண்டுல அந்த வெள்ளைக் கோடு கோடா கொழுப்பு ஓடினாத்தான் நல்ல விலை. ஆனா ஸ்டேக்கெல்லாம் வெட்டி எடுத்த பிறகு மிச்சம் விழுற துண்டுக் கறி இருக்கு பாருங்க, அதுல பாதிக்குப் பாதி கொழுப்பு. அதை அப்படியே அரைச்சு கல்லுல போட்டா உருகி ஓடிரும், சட்டமும் விடாது, ஹாம்பர்கர்ல 30 சதவீதத்துக்கு மேல கொழுப்பு இருக்கக் கூடாது.

அதனால கொழுப்பில்லாத கறி கொண்டு வந்து கலக்கணும். கணக்கு சின்னதுதான், 90 சதவீதம் சதை இருக்கிற கறி 75 கிலோ, பாதிக் கொழுப்புக் கறி 25 கிலோ, சேத்து அரைச்சா 80 சதவீதம் சதை வரும், பர்கருக்கு அதான் பதம். இந்த 90 சதவீதக் கறி எங்க கிடைக்கும்? ஆஸ்திரேலியாவுலயும் நியூசிலாந்துலயும் மாடு பெரும்பாலும் புல்லு மேஞ்சே வளருது, அந்தக் கறியில கொழுப்பு கம்மி. அதை 27.2 கிலோ அட்டைப்பெட்டியில உறைய வச்சு கப்பல் ஏத்துறாங்க, நிறைய பெட்டி ஃபிலடெல்பியா துறைமுகத்துல இறங்குது, அங்கருந்து அரவை ஆலைக்குப் போகுது. ஆலைக்குள்ள போன பிறகு எது நெப்ராஸ்கா கறி எது ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து கறின்னு கடவுள்தான் சொல்லணும்.

மெக்டொனால்ட்ஸ் ரொம்ப காலம் அமெரிக்கக் கடைகளுக்கு உள்நாட்டுக் கறிதான் வாங்கிட்டு இருந்தாங்க. 2002-ல தென்கிழக்கு மாநிலங்கள்ல சில நூறு கடைகள்ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கறியைக் கலந்து பாக்கப் போறோம்னு சொன்னாங்க, கொழுப்பில்லாத கறி உள்ளூர்ல போதலன்னு காரணம். மாட்டுப் பண்ணைக்காரங்க கொதிச்சுப் போனாங்க. உங்க நண்பரோட அப்பா காலத்துக் கோவம் அது, இன்னும் ஆறல.

கேள்வி: நானும் நாலு மாடு வச்சுப் பொழைக்கிறவதான். ஸ்டேக்குக்குத்தான் அவங்க மாடு வளக்குறாங்கன்னா, அரைக்கிற கறி வெளிநாட்டுல இருந்து வந்தா அவங்களுக்கு என்ன நஷ்டம்? இன்னும் சொன்னா அவங்க கொழுப்புக் கறியும் சேந்து வித்துருமே? – வாசகி, ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: அக்கா, அமெரிக்காவுல பெரிய மாட்டுக்காரங்க சங்கமான என்.சி.பி.ஏ. பல வருஷமா சொல்லிட்டு வந்ததும் கிட்டத்தட்ட இதேதான். வெளிநாட்டுச் சதைக் கறி வரலன்னா நம்ம கொழுப்புக் கறி சோப்புக்கும் தீவனத்துக்கும்தான் போகும், கலந்து வித்தா நமக்குத்தான் காசுன்னு. அது பொய்யில்ல. ஆனா அதுல ஒரு மாடு விட்டுப் போச்சு.

எந்த மாடுன்னு உங்களுக்கு உடனே புரியும். இலையுதிர் காலத்துல கன்னுகளைப் பிரிச்ச பிறகு பண்ணையில சினை பாக்குற நாள் ஒண்ணு வரும். தாய் மாடெல்லாத்தையும் ஒத்தையடி வழியில ஒண்ணு பின்னாடி ஒண்ணா விட்டு இரும்புச் சட்டத்துல கழுத்தைப் பூட்டி நிறுத்துவாங்க, கால்நடை டாக்டர் தோள் வரைக்கும் கையுறை மாட்டிக்கிட்டு உள்ள கைய விட்டுப் பாத்து ஒத்தைச் சொல்லா சொல்லுவார், சினை, சினை, சினை, அப்புறம் ஒண்ணு "காலி". வீட்டுக்காரம்மா நோட்டுல அந்த நம்பருக்கு நேரா ஒரு கோடு போடுவாங்க. பத்து ஈத்து ஈன்ற மாடா இருக்கும், பல்லு தேஞ்சிருக்கும், பனிக்காலம் முழுக்க வைக்கோல் போட்டு வச்சிருக்க முடியாது, கன்னும் கிடையாது. அதை வண்டியில ஏத்தி சந்தைக்கு அனுப்பிருவாங்க. நம்ம ஊர்ல அடிமாடுன்னு சொல்றோமே, அதேதான்.

அந்த அடிமாட்டோட கறிதான் கொழுப்பில்லாத கறி! மக்காச்சோளம் திங்காம மேய்ச்சல்லயே கெடந்த கிழ மாடு, பால் வத்தின பண்ணை மாடு, ஓஞ்ச பொலிகாளை, இதெல்லாம் ஸ்டேக்குக்கு ஆகாது, அரவைக்குத்தான் போகும். ஆஸ்திரேலியாப் பெட்டி நேரா மோதுறது இந்த மாட்டோடதான். கன்னு வித்து வர்ற காசு ஒரு பக்கம் இருந்தாலும் கழிச்சு விடுற மாட்டுல வர்ற காசு ஒரு சின்னப் பண்ணையோட வருமானத்துல நல்ல பங்கு, மழை பெய்யாத வருஷத்துல பேங்க் தவணை கட்டுறதே அதுலதான். என்.சி.பி.ஏ. கணக்கு பட்டியில அடைச்ச மாட்டுக்குச் சரி, மலையடிவாரத்துல நூறு மாடு மேய்க்கிற குடும்பத்துக்கு அது முழுக் கணக்கு இல்ல. இதனாலதான் மொன்டானாவுல பில்லிங்ஸ் ஊர்ல இருந்து இயங்குற ஆர்-கேஃப்னு இன்னொரு சங்கம் இறக்குமதின்னாலே எதிர்த்து நிக்குது.

இன்னொண்ணும் சொல்லணும். அமெரிக்காவுல கொழுத்த மாடுகள்ல சுமார் 85 சதவீதத்தை வாங்குறது நாலே கம்பெனிங்கதான், டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப். இதுல ஜேபிஎஸ் பிரேசில் கம்பெனி, ஆஸ்திரேலியாவுலயும் பெரிய அளவுல மாடு அறுக்குறாங்க. உங்க மாட்டை விலை பேச வர்றவரே உங்களுக்குப் போட்டியா வர்ற கறிக்கும் சொந்தக்காரர்னா உங்க வயித்துல என்ன பண்ணும்? எனக்கு இந்த விஷயத்துல மத்த எல்லாத்தையும் விட இதுதான் ரொம்ப உறுத்துது.

கேள்வி: எங்க ஆஸ்திரேலியாக் கறி என்ன அவ்வளவு மட்டமா? – வாசகர், மெல்போர்ன்

பதில்: இல்லவே இல்ல சார். அமெரிக்க வேளாண்மைத் துறை ஒத்துக்கிட்ட முறையில சோதிச்ச கறிதான் உள்ளயே வரும். "வெளிநாட்டுக் கறி அசுத்தம்"னு பேசுற பண்ணைக்காரங்க அவங்க வழக்கை அவங்களே கெடுத்துக்கிறாங்கன்னு நினைக்கிறேன். தென் அமெரிக்கா பத்திப் பேசும்போது மட்டும் கோமாரி நோய் பயம் உண்மையானது. அமெரிக்காவுல 1929-க்கு அப்புறம் கோமாரி வந்ததே இல்ல, வந்தா மொத்த மந்தையும் போச்சு. கோமாரி வந்த மாட்டோட வாயையும் குளம்பையும் கிட்டத்துல பாத்தவங்களுக்கு அந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்ல.

கேள்வி: ஹோட்டல்லயே "இந்தக் கறி இந்த நாட்டுது"ன்னு போர்டு வச்சுட்டா பிரச்சனை தீர்ந்துடுமே, ஏன் வைக்க மாட்டேங்கிறாங்க? – கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: நல்ல கேள்விம்மா, இதுக்குத்தான் அமெரிக்கப் பண்ணைக்காரங்க இருவது வருஷத்துக்கு மேல சண்டை போட்டுட்டு இருக்காங்க.

2002 பண்ணைச் சட்டத்துலயே கறி எந்த நாட்டுதுன்னு லேபிள் ஒட்டணும்னு எழுதியாச்சு, ஆனா தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு 2008-லதான் மாட்டுக்கறிக்கு நடைமுறைக்கு வந்துச்சு. நடுவுல 2003 டிசம்பர்ல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு பால் மாட்டுக்கு பைத்திய மாட்டு நோய் இருக்கிறது தெரிஞ்சு, தேடிப் பாத்தா அது கனடாவுல பொறந்த மாடு, ஆனா ஜப்பானும் கொரியாவும் கதவைச் சாத்துனது அமெரிக்கக் கறிக்கு. எங்க பொறந்ததுன்னு எழுதுங்கன்னு அன்னைக்கே சொன்னோமேன்னு பண்ணைக்காரங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க.

சட்டம் வந்தும் அதுல பெரிய ஓட்டை ஒண்ணு இருந்துச்சு. லேபிள் மளிகைக் கடைக்கு மட்டும்தான், ஹோட்டலுக்கும் பர்கர் கடைக்கும் கிடையாது. அரைச்ச கறி அதிகமா போற இடமே பர்கர் கடைதான், அங்க மட்டும் கேட்கக் கூடாதுன்னா என்ன நியாயம்?

அப்புறம் அந்த லேபிளும் போச்சு. கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டு ஜெயிச்சு, வருஷத்துக்கு 100 கோடி டாலர் அளவுக்குப் பதில் வரி போட அனுமதி வாங்குனாங்க, 2015 டிசம்பர்லயே அமெரிக்க காங்கிரஸ் மாட்டுக்கறிக்கும் பன்றிக்கறிக்கும் லேபிளை எடுத்துருச்சு. கோழிக்கும் ஆட்டுக்கும் இன்னும் இருக்கு, மாட்டுக்கு இல்ல. இன்னும் கொடுமை என்னன்னா, வெளிநாட்டுப் பெட்டியை அமெரிக்காவுல பிரிச்சு அரைச்சா "அமெரிக்கத் தயாரிப்பு"ன்னே எழுதிக்கலாம்னு வருஷக்கணக்கா விட்டு வச்சிருந்தாங்க. 2026 ஜனவரி 1-ல இருந்துதான், பொறந்து வளந்து அறுத்தது எல்லாமே அமெரிக்காவுலன்னாத்தான் அப்படிப் போடலாம்னு விதி. அதுவும் விருப்பப்பட்டுப் போடுறவங்களுக்குத்தான், போடலன்னா யாரும் கேட்க முடியாது.

இதுக்கு நடுவுல ஒவ்வொரு மாடு விக்கும்போதும் பண்ணைக்காரர் மாட்டுக்கறி விளம்பர நிதிக்கு 1 டாலர் கட்டாயமா கட்டணும். இறக்குமதி பண்றவங்களும் கட்டுறாங்கதான், ஆனா அந்தக் காசுல வர்ற விளம்பரம் மாட்டுக்கறி சாப்பிடுங்கன்னு பொதுவா சொல்லுது, எங்க மாட்டைச் சாப்பிடுங்கன்னு சொல்றதில்ல. இதை எதிர்த்துப் போன கேஸ் 2005-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி பண்ணைக்காரங்க தோத்துட்டாங்க.

கேள்வி: 2025-ல அர்ஜென்டினாக் கறி வாங்கப் போறோம்னு டிரம்ப் சொன்னப்ப பண்ணைக்காரங்க ஏன் அவ்வளவு கோவப்பட்டாங்க? பெரும்பாலும் அவருக்கு ஓட்டுப் போட்டவங்கதானே? விலை குறைஞ்சா எங்களை மாதிரி ஜனங்களுக்கு நல்லதுதானே? – வாசகி, நியூஜெர்சி

பதில்: உங்க கஷ்டம் புரியுதுங்க, அரைச்ச கறி பவுண்டுக்கு 6 டாலரைத் தாண்டின வருஷம் அது. ஆனா ஏன் தாண்டுச்சுன்னு பாக்கணும். வருஷக்கணக்கா மழை இல்ல, தீவனம் விலை ஏறிப்போச்சு, தாய் மாட்டையே வித்துத் தீத்தாங்க, 2025 ஜனவரியில நாட்டுல மொத்தமே 8.67 கோடி மாடுதான், 1951-க்கு அப்புறம் இவ்வளவு கம்மியா இருந்ததில்ல. மெக்சிகோவுல சதையைத் திங்கிற ஸ்க்ரூவார்ம் புழு பரவுனதால அங்கருந்து உயிர் மாடு வர்றதையும் நிறுத்திட்டாங்க.

மந்தையைத் திரும்பப் பெருக்கணும்னா ஒரு பண்ணைக்காரர் என்ன செய்யணும்? நல்ல விலை வர்ற கிடேரிக் கன்னை விக்காம வீட்டுலயே நிறுத்தணும். அது பருவத்துக்கு வந்து சினை புடிக்க 15 மாசம், சுமக்க ஒம்போது மாசம், பொறந்த கன்னு கறிக்கு ஆக இன்னும் ஒன்றரை வருஷம், ஆக இன்னைக்கு நிறுத்துற கிடேரியோட கன்னு பர்கர் ஆகுறதுக்கு மூணு வருஷத்துக்கு மேல ஆகும். கையில வர்ற காசை வேணாம்னு சொல்லிட்டு அதைக் கட்டி வச்சிருக்கார்னா மூணு வருஷம் கழிச்சும் விலை நிக்கும்ங்கிற நம்பிக்கை ஒண்ணுதான் காரணம். வருஷக்கணக்கா நஷ்டத்துல கெடந்துட்டு இப்பத்தான் தலை நிமிர்ந்திருக்காங்க, அந்த நேரத்துல 2025 அக்டோபர்ல அர்ஜென்டினாக் கறியைக் குறைஞ்ச வரியில உள்ள விடுற 20,000 டன் ஒதுக்கீட்டை 80,000 டன்னா ஆக்கப் போறோம்னு பேச்சு வந்துச்சு. எப்பவும் எதிரெதிரா நிக்கிற என்.சி.பி.ஏ.வும் ஆர்-கேஃபும் ஒண்ணா எதிர்த்தாங்க.

டன் கணக்குல பாத்தா அது பெரிசே இல்ல, ஆஸ்திரேலியாவுல இருந்து மட்டுமே 2024-ல கிட்டத்தட்ட 4 லட்சம் டன் வந்திருக்கு. அதனாலதான் உங்க கடை விலை அதால பெரிசா குறையாதுன்னு சொல்றேன். ஆனா கிடேரியை நிறுத்தலாமா விக்கலாமான்னு யோசிச்சுட்டு இருந்தவர் அந்தச் செய்தியைக் கேட்டதும் வண்டியில ஏத்திட்டார்னா, உங்களுக்கு மூணு வருஷம் கழிச்சும் இதே விலைதான்.

கேள்வி: அண்ணா, திரும்பவும் நான்தான். அப்ப நான் பர்கர் கடைக்குப் போலாமா கூடாதா? – அதே டல்லாஸ் வாசகர்

பதில்: போங்க தம்பி, நான் தடுக்கல. ஆனா உறைய வைக்காத கறின்னு சொல்லி விக்கிறதைக் கேட்டு வாங்குங்க, மெக்டொனால்ட்ஸ்ல 2018-ல இருந்து குவார்ட்டர் பவுண்டர்ங்கிற பர்கர் அப்படித்தான், வெண்டிஸ்ல எல்லாமே அப்படின்னு சொல்றாங்க. கடல் தாண்டி வர்ற அரவைக் கறி பெரும்பாலும் உறைஞ்ச பெட்டியிலதான் வருது, அதனால ஃப்ரெஷ் கறின்னா பக்கத்துல இருந்து வந்ததா இருக்க வாய்ப்பு அதிகம், கனடா மாடாவும் இருக்கலாம். கவுன்டர்ல இருக்கிற பையன்கிட்ட எந்த நாட்டுக் கறின்னு கேளுங்க, அவனுக்குத் தெரியாது, ஆனா மேனேஜர்கிட்ட போய்க் கேப்பான். அப்படியே உங்க நண்பர்கிட்ட அவர் ஊர்ல சினை பாக்குற நாள் என்னைக்குன்னு கேட்டுட்டு ஒரு சனிக்கிழமை கூடப் போயிட்டு வாங்க, பழைய பூட்ஸ் போட்டுட்டுப் போங்க, நோட்டுல நம்பர் எழுத எப்பவும் ஒரு ஆள் தேவைப்படும்.